பிரபலங்களின் தன்வரலாறும் மொய் நோட்டும்: புதுக்கோட்டை வட்டாரத் தரவுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

புகழ்பெற்ற ஒருவர் தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதி வெளியிட்டால் படித்தவர்கள் இரண்டாகப் பிரிந்துவிடுகிறார்கள். இது எல்லோரும் கண்ட உண்மை. ஆனால் ஏன் பிரிகிறார்கள் என்பதற்கு இதுவரை யாரும் ஒழுங்காகக் காரணம் சொல்லவில்லை. "மனுசன் ஒண்ணையும் மறைக்காம எழுதியிருக்காருய்யா" என்று ஒருவர் நெகிழ்கிறார். "வீட்டுக்குள்ள நடந்ததையெல்லாம் கொண்டுவந்து சந்தியில கொட்டிட்டாரே" என்று பக்கத்தில் இருப்பவர் முகம் சுளிக்கிறார். இருவரும் படித்தது ஒரே பதிப்பு. ஒரே விலை, ஒரே அச்சுப் பிழைகள், மறைக்காமல் எழுதியதாகவும் சந்தியில் கொட்டியதாகவும் சொல்லப்படும் பக்கமும் ஒன்றேதான். ரசனை வேறுபாடு என்று சொல்லி இதைக் கடந்துபோவது இலக்கியத் துறையினரின் வழக்கம். தலைமுறை இடைவெளி என்பார்கள் சமூகவியலார். இரண்டும் நோயாளியைப் பார்க்காமலே எழுதிக்கொடுத்த மருந்துச் சீட்டுகள். சரியான விளக்கம் புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில், ஆலங்குடிக்கு அப்பால், கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கத்துப் பந்தல்களில் ஆண்டுதோறும் பகிரங்கமாகவே கிடக்கிறது என்பதும், ஆய்வாளர்கள் யாரும் அங்கே இலை போட்டு உட்காராததால்தான் அது இன்னும் ஏட்டில் ஏறவில்லை என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

அந்தப் பகுதியிலும், எல்லைக்கு அந்தப் பக்கம் தஞ்சாவூர் மாவட்டத்துப் பேராவூரணி வட்டாரத்திலும், ஆடி ஆவணி மாதங்களில் மொய் விருந்து நடக்கும். கல்யாணமோ காதுகுத்தோ காரணமாக வேண்டியதில்லை. பணம் தேவைப்படுகிறவர் பத்திரிகை அடித்து ஊரை அழைத்து ஆட்டுக்கறிச் சோறு போடுவார். பல பேர் சேர்ந்து ஒரே பந்தலில் செலவைப் பங்கிட்டு நடத்துவதும் உண்டு. பந்தலில் ஆளுக்கொரு மேசை, மேசைக்கொரு மொய் எழுதுகிறவர். வருகிறவர் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மேசைக்கு வந்து பணத்தைக் கொடுப்பார். ஊர், தகப்பன் பெயர், தன் பெயர், தொகை நான்கும் நோட்டில் ஏறும். முன்பு வாங்கியதைத் திருப்பிச் செய்தால் அது பழைய நடை. அதற்குமேல் வைக்கிற தொகை புதுநடை, அது அவருக்குத் திரும்பி வரவேண்டியது. வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, நோட்டு மட்டுமே சாட்சி. 2019இல் வடகாட்டில் ஒரே விருந்தில் 4 கோடி ரூபாய் சேர்ந்ததாகச் செய்தித்தாள்கள் எழுதின. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையைச் சாய்த்த பிறகும் அப்படி ஒரு தொகை. இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி பணமல்ல, பதிவு. ஆயிரத்தை ஐந்நூறு என்று எழுதிவிட்டால் சண்டை வரும். தொகையைச் சரியாக எழுதிவிட்டு ஊர்ப் பெயரை மாற்றி எழுதினால் அதைவிடப் பெரிய சண்டை வரும். எழுதவே மறந்துவிட்டால் இரண்டு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது.

இனிக் கருதுகோள். ஒரு பிரபலத்தின் தன்வரலாற்றை வாசகர் இலக்கியமாக வாசிப்பதில்லை, வரலாறாகவும் வாசிப்பதில்லை. மொய் நோட்டாகப் புரட்டுகிறார். வாழ்நாள் முழுக்க அந்தப் பிரபலத்துக்கு அவர் மொய் வைத்து வந்திருக்கிறார். முதல் நாள் முதல் காட்சிக்கு வரிசையில் நின்று சட்டை கிழிந்தது, தட்டி கட்டியது, அவர் ஜுரத்தில் விழுந்தபோது கோயிலில் வேண்டிக்கொண்டது, எதிர்த் தரப்பு ரசிகனோடு கைகலந்தது, பிள்ளைக்கு அவர் பெயரை வைத்தது எல்லாம் அதில் சேர்த்தி. கடைசியாக நோட்டு அச்சாகி வருகிறது. தன் தொகை ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது இயல்புதானே? இதை மெய்ப்பிக்க நேர்காணல் எதுவும் வேண்டியதில்லை. புத்தகத்தைக் கையில் எடுத்த வாசகரின் விரல்களைக் கவனித்தால் போதும். முன்னுரையை யாரும் திறப்பதில்லை. கட்டைவிரல் நேரே நடுவிலுள்ள வழவழப்புத் தாளுக்குப் போகிறது. கறுப்பு வெள்ளைப் படங்கள்: யார் பக்கத்தில் யார் நிற்கிறார், யார் பாதி வெட்டுப்பட்டிருக்கிறார், எந்த மனைவிக்கு முழுப் பக்கம், எந்த மனைவிக்குக் கால் பக்கம். அதன்பின் கடைசிப் பக்கம். பிறகுதான் ஆங்காங்கே கொத்திப் பார்ப்பது. தமிழ்ப் புத்தகங்களில் பின்னால் பெயரடைவு போடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. இது பதிப்பாளர்களின் சோம்பல் என்று நூலகர்கள் குறைப்படுவார்கள். உண்மையில் அது வியாபார நுட்பம். பெயரடைவு இருந்தால் பாதிப் பேர் கடையிலேயே நின்று தன் ஆளின் பெயரைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

முதல் தடை உடனே எழும். டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தவன் படத்தைப் பார்த்துவிட்டான். பாட்டு, சண்டை, கண்ணீர், இடைவேளையில் முறுக்கு என எல்லாம் கிடைத்துவிட்டது, கணக்கு அங்கேயே நேராகிவிட்டது, இதில் மொய் எங்கே வந்தது என்று பொருளாதாரம் படித்தவர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான், ஆனால் கேட்டவர் வடகாட்டுப் பக்கம் போனதில்லை என்பது தெரிகிறது. மொய் விருந்துக்குப் போனவரும் சும்மா வருவதில்லை. வயிறு நிறையக் கறிச்சோறு சாப்பிட்டுத்தான் வருகிறார். சாப்பாட்டுக்கும் மொய்க்கும் அங்கே யாரும் முடிச்சுப் போடுவதில்லை. "உனக்குத்தான் கறி போட்டேனே, அப்புறம் என்ன திருப்பிச் செய்வது" என்று விருந்து வைத்தவர் கேட்டால் அவரோடு அடுத்த ஆண்டு ஒருவரும் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ள மாட்டார். திரைப்படம் அந்தக் கறிச்சோறு. ரசித்தோம், ஏப்பம் விட்டோம், அத்தோடு சரி. ரசிகர் வைத்த பாசம் வேறு கணக்கு, அது நோட்டில் நிற்கிறது.

மாவட்டத்தின் முதல் நட்சத்திரமே இதற்கு எதிர்மறைச் சான்றாக அமைகிறார். பி. யூ. சின்னப்பாவின் பெயரில் முதலில் வரும் எழுத்தே புதுக்கோட்டைதான். 1916இல் பிறந்து, நாடகக் கொட்டகையில் வளர்ந்து, 1940இல் 'உத்தமபுத்திர'னில் இரட்டை வேடம் கட்டி, 'ஆரியமாலா', 'கண்ணகி', 'ஜகதலப்பிரதாபன்' என்று உச்சத்தில் இருந்தவர், 1951இல் முப்பத்தைந்து வயதில் காலமானார். தன்வரலாறு எழுதவில்லை, எழுத அவகாசமும் இல்லை. சம்பாதித்ததையெல்லாம் சொந்த ஊரில் வீடு வீடாக வாங்கிப் போட்டார் என்றும், இதற்குமேல் அவர் வீடு வாங்கக் கூடாது என்று சமஸ்தானமே தடை போட்டது என்றும் ஊரில் வழிவழியாகச் சொல்வார்கள். எத்தனை வீடு என்பது சொல்லுகிறவரைப் பொறுத்தது. கவனிக்க வேண்டியது எண்ணிக்கை அல்ல, சொல்லும் தோரணை. வெளியூர் நடிகரின் சொத்தைப் பற்றிப் பேசும்போது வரும் பொறாமை இதில் இருக்காது. தங்கள் காசு ஊருக்குள்ளேயே சுவராகவும் திண்ணையாகவும் திரும்பி நின்றதைச் சொல்லும் நிறைவு இருக்கும். பழைய நடை முடிந்துவிட்டது. ஆகவேதான் சின்னப்பாவைப் பற்றிப் புதுக்கோட்டையில் இரண்டு கட்சி இல்லை. நோட்டே எழுதாதவர்மேல் பதிவுக் குறை சொல்ல யாராலும் முடியாது.

இதே ஊரில் 1920இல் பிறந்த இன்னொருவரிடம் வந்தால் கணக்கு அவ்வளவு எளிதில் நேராவதில்லை. ஜெமினி கணேசன் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் வேதியியல் கற்றுக்கொடுத்துவிட்டு, ஜெமினி ஸ்டூடியோவில் நடிக்க வருகிறவர்களைத் தேர்வு செய்யும் பிரிவில் சேர்ந்து, 1947இல் 'மிஸ் மாலினி'யில் தலை காட்டி, 'கல்யாண பரிசு' காலத்துக்குள் காதல் மன்னன் ஆனவர். 1971இல் பத்மஸ்ரீ, 2005இல் மறைவு, மறு ஆண்டு தபால்தலை. அவருடைய மகள்களில் ஒருவரும் பத்திரிகையாளருமான நாராயணி கணேஷ், தந்தையைப் பற்றி 'எட்டர்னல் ரொமான்டிக்' என்று ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். புகழையும் குடும்பத்தையும் ஒரே அட்டைக்குள் அடக்கப் பார்ப்பது இந்த வகை நூல். ஆனால் ஜெமினியின் குடும்பம் ஒரு கூரைக்குள் அடங்குவதல்ல. பாப்ஜி என்று அழைக்கப்பட்ட அலமேலு ஒரு வீடு. புஷ்பவல்லியும் பின்னாளில் இந்தித் திரையை ஆண்ட ரேகாவும் இன்னொரு வீடு. சாவித்திரி இன்னொரு வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் வெளியே அந்தந்த வீட்டின்மீது மொய் வைத்த ரசிகர் கூட்டம் ஒன்று நிற்கிறது. சாவித்திரிக்காக அழுதவர்கள் சாவித்திரியின் பக்கங்களை எண்ணுவார்கள். ரேகாவுக்காக ஏங்கியவர்கள் ரேகாவின் பத்தியைத் தேடுவார்கள். பாப்ஜியின் பொறுமையைத் தங்கள் வீட்டுப் பெரியம்மாவின் பொறுமையாகப் பார்த்தவர்கள், அந்தப் பொறுமைக்குப் புத்தகத்தில் என்ன மரியாதை என்று பார்ப்பார்கள். ஒரு நூலில் எத்தனை பக்கம் இருந்தாலும் இத்தனை பேருக்கும் பந்தி விரிக்க முடியாது.

ரசிகர்களை விடுங்கள். இரத்த உறவுக்குள்ளேயே கருதுகோள் பொருந்துகிறது என்பதற்கு 2018ஆம் ஆண்டுத் தரவு கிடைத்திருக்கிறது. நாக் அஸ்வின் இயக்கத்தில் 'மகாநடி' தெலுங்கிலும், 'நடிகையர் திலகம்' என்ற பெயரில் தமிழிலும் வந்தது. சாவித்திரியாகக் கீர்த்தி சுரேஷ், ஜெமினியாகத் துல்கர் சல்மான். ஊரே கொண்டாடியது, கீர்த்திக்குத் தேசிய விருதும் வந்தது. சாவித்திரியின் மகள் விஜயசாமுண்டீஸ்வரி படத்தை மனமுவந்து வரவேற்றார். ஜெமினியின் இன்னொரு மகளான மருத்துவர் கமலா செல்வராஜ், தந்தையைத் தவறாகக் காட்டிவிட்டார்கள் என்று பகிரங்கமாக வருத்தப்பட்டார். தந்தை ஒருவர், படம் ஒன்று, மகள்கள் இருவர், தீர்ப்புகள் இரண்டு. இதில் யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்வது ஆய்வாளன் வேலையல்ல, நாகரிகமும் அல்ல. தாயின் பெயர் விடுபடாமல் ஏறியதைக் கண்ட மகளின் நிறைவும், தந்தையின் தொகை குறைத்து எழுதப்பட்டதாகக் கண்ட மகளின் வலியும் ஒரே நோட்டின் இரண்டு வரிகளைப் பார்த்து வந்தவை. ஒன்றைப் பொய் என்று தள்ள இன்னொன்று உதவாது. ஊரார் மட்டும் ஏன் இதில் ஆளுக்கொரு மகளின் பக்கம் சேர்ந்துகொண்டு வாதாடினார்கள் என்றால், அவர்களும் மேசை பார்த்து மொய் வைத்தவர்கள்தாம்.

நாராயணியின் நூலுக்குத் திரும்பினால், அதன் மொழியையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதிய வாழ்க்கைக் கதை தமிழ் ரசிகருக்கு வெளியூரில் நடந்த விருந்து மாதிரி, செய்தி மட்டும் வந்து சேரும். படிக்காமலே கருத்துச் சொல்வோர் தொகை இத்தகைய நூல்களுக்கு அதிகம்.

கடுமையான சோதனை கண்ணதாசனின் 'வனவாசம்'. கவிஞர் சிவகங்கைச் சீமைக்காரர்தான் என்றாலும், இளமையில் அவர் ஆசிரியராக உட்கார்ந்த 'திருமகள்' புதுக்கோட்டைப் பக்கத்துப் பத்திரிகை என்பதால் இந்த ஆய்வின் எல்லைக்குள் அவரைக் கொண்டுவருவதில் பிழையில்லை. பிறப்பு முதல் 1961இல் திராவிட முன்னேற்றக் கழகத்தை விட்டு வெளியேறியது வரை சொல்லும் அந்நூலில், அவர் தன்னை 'நான்' என்று எழுதாமல் 'அவன்' என்றே எழுதுகிறார். மொய் விருந்து தெரிந்தவர்களுக்கு இதன் நயம் உடனே புரியும். விருந்து வைத்தவர் தன் மேசையில் தானே உட்கார்ந்து எழுதக் கூடாது, வேறொருவர்தான் எழுத வேண்டும். கவிஞர் தனக்குத் தானே அந்த வேறொருவர் ஆனார். அவனுடைய குடி, பெண், கடன், ஏமாந்த கதை எதையும் விடவில்லை. இவ்வளவு பச்சையாக எழுதியதற்காக அவர்மேல் கோபம் வந்திருக்க வேண்டும் அல்லவா? வரவில்லை. அவருடைய பலவீனங்களை வாசகர்கள் செல்லப்பிள்ளையின் குறும்பாக ஏற்றுக்கொண்டார்கள். கொதித்தவர்கள் வேறு பக்கங்களுக்காகக் கொதித்தார்கள், கட்சித் தலைவர்களைப் பற்றி எழுதிய பக்கங்களுக்காக. அந்தத் தலைவர்களுக்குத் தொண்டர்கள் உழைப்பாகவும் சிறைவாசமாகவும் வைத்திருந்த மொய்யை ஒருவர் இரண்டு வரியில் குறைத்து எழுதிவிட்டார் என்பதே குற்றம். இன்றைக்கும் கழக எதிர்ப்பு மேடைகளில் 'வனவாச'த்தைத் தூக்கிப் பிடிக்கிறவர்களில் எத்தனை பேர் அவருடைய கவிதையை நாலு வரி சொல்வார்கள் என்பது ஐயத்துக்குரியது. அவர்களுக்கு விருந்து வைத்தவர்மேல் பற்று இல்லை. பங்காளியின் பாக்கி பதிவாகியிருக்கும் பக்கம் மட்டும் வேண்டும், அதை நகலெடுத்து வைத்துக்கொண்டார்கள்.

இரண்டாம் தடை அறவியலார் தரப்பிலிருந்து வரும். வாசகர் விரும்புவது உண்மையை, உண்மையாக எழுதினால் பாராட்டுவார், பூசி மெழுகினால் தூற்றுவார், இதில் மொய்க்கு வேலை இல்லை என்பது அவர்கள் வாதம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் ஜெமினியின் அத்தை முறையான ஒருவர் இந்த வாதத்தை ஒரேயடியாகச் சாய்த்துவிடுகிறார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தந்தை நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரியில் முதல்வர், தாய் சந்திரம்மாள் இசைவேளாளர் குலத்தில் பிறந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த அந்தக் கல்லூரியில் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானின் ஆதரவில் எதிர்ப்பை மீறிச் சேர்ந்தார். 1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். சட்டமன்றத்துக்குப் போய்த் துணைத்தலைவர் ஆனார். தேவதாசி முறைக்கு எதிராக அவர் தொடங்கிய போராட்டம் 1947இல் சட்டமாக முடிந்தது. 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழும்பியது. தன் வாழ்க்கையை 1964இல் ஆங்கிலத்தில் நூலாகவும் வெளியிட்டார். புகழ், குடும்பம், சாதி, அரண்மனை, சட்டமன்றம் என ஒரு தன்வரலாற்றில் வாசகர் கேட்கும் அத்தனையும் அந்த வாழ்க்கையில் உண்டு. உண்மைக்காக ஏங்குகிறவர்கள் வரிசையில் நின்று வாங்கியிருக்க வேண்டாமா? ஒருவரும் சண்டை போடவில்லை. பாராட்டுக் கட்சி என்றோ தூற்றல் கட்சி என்றோ எதுவும் உருவாகவில்லை. மருமகனின் காதல் கணக்கைப் பற்றி மணிக்கணக்கில் வாதாடும் ஊர், அத்தையின் நூல் ஒன்று இருக்கிறது என்பதையே பெரும்பாலும் அறியாமல் இருக்கிறது.

காரணம் எளிது. நடிகருக்கு நாம் மொய் வைத்தோம். முத்துலட்சுமி ரெட்டியின் விஷயத்தில் மொய் வைத்தவர் அவர், வாங்கிக்கொண்டவர்கள் நாம். இன்றும் தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளுக்கு 18,000 ரூபாய் அளவில் தரப்படும் மகப்பேறு உதவித் திட்டம் அவர் பெயரில்தான் வருகிறது. மருத்துவமனை, அவர் தொடங்கிய அவ்வை இல்லம், சட்டம் என்று ஒவ்வொன்றும் நம் பெயருக்கு எதிரே ஏறிய புதுநடை. திருப்பிச் செய்ய வேண்டியவர் நோட்டைத் தேடிப் போய்ப் புரட்டமாட்டார். நோட்டு எங்கேயாவது பரணில் பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் நினைப்பார். ஆகவே கலவையான எதிர்வினை என்பது வரவேண்டியவர்களின் இரைச்சல். கொடுக்க வேண்டியவர்கள் ஓசைப்படாமல் இருப்பார்கள். திருக்கோகர்ணத்தில் பா. கிருஷ்ணமூர்த்தி–டோரதி இணையர் லட்சம் நூல்களுக்கு மேல் சேர்த்துவைத்திருக்கும் ஞானாலயா போன்ற இடங்கள் மாவட்டத்தில் இருப்பதும் நல்லதுதான். பரணில் போட்ட நோட்டுகளை எடுத்துத் தூசி தட்ட யாராவது வேண்டுமே.

மூன்றாம் தடை கடல் கடந்து வருகிறது. மொய் விருந்தே நடக்காத நாட்டிலும் தன்வரலாறுகளுக்கு இதே மாதிரி இருவகை எதிர்வினை வருகிறதே என்பார்கள். 2023 ஜனவரியில் இங்கிலாந்து இளவரசர் ஹாரியின் 'ஸ்பேர்' வந்தது. ஆங்கிலப் பதிப்பு மட்டும் முதல் நாளில் 14 லட்சத்து 30 ஆயிரம் பிரதிகள் போனதாகப் பதிப்பாளர் அறிவித்தார். அண்ணன் தம்பிச் சண்டை, சிற்றன்னை மேல் மனத்தாங்கல், மனைவிக்காக வீட்டைவிட்டு வெளியேறுவது என்று எழுதப்பட்ட அந்த நூலைப் பாதி உலகம் துணிச்சல் என்றது, பாதி உலகம் நன்றிகெட்டதனம் என்றது. மொய் விருந்து நடக்காத நாடு என்று யார் சொன்னார்கள்? அரச குடும்பத்தின் அலுவல் செலவுக்கு ஆண்டுதோறும் அந்நாட்டுக் கருவூலம் பணம் ஒதுக்குகிறது. அது எழுத்தில் உள்ள மொய். 1997இல் ஹாரியின் தாய் டயானாவின் மறைவுக்காக முன்பின் பார்த்திராத கோடிப் பேர் அழுதது எழுதாத மொய். அந்தக் கண்ணீரை அன்று ஊர்வலத்தில் நடந்த சிறுவன் பெயருக்கு வைத்தவர்கள் ஒரு கட்சி, அரண்மனைப் பெயருக்கு வைத்தவர்கள் மறு கட்சி.

புதுக்கோட்டைக்காரர்கள் இதைப் படித்து வியந்திருக்க மாட்டார்கள், வியந்திருக்கவும் கூடாது. நூறாண்டுக்கு முன்பே இங்கே அரங்கேறி முடிந்த நாடகம் அது. முத்துலட்சுமியைக் கல்லூரியில் சேர்த்த அதே மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915இல் மெல்பர்னில் மோலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணைக் கைப்பிடித்தார். பிரிட்டிஷ் அரசு அவளை ராணியாக ஏற்க மறுத்தது. மறு ஆண்டு பிறந்த மகனுக்குப் பட்டம் இல்லை என்றாயிற்று. மன்னர் வெளிநாட்டிலேயே தங்கி 1928இல் பாரிஸில் காலமானார். அரியணை ஆறு வயதுச் சிறுவனான ராஜகோபாலத் தொண்டைமானுக்குப் போயிற்று. மன்னரும் ராணியும் உட்கார்ந்து ஒரு 'ஸ்பேர்' எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. எழுதாமல் போனதால் கதை வேறு ஊர்க்காரர்கள் கைக்குப் போனது. இருவரைப் பற்றியும் ஆஸ்திரேலியர்கள் நூல் எழுதினார்கள். எழுதினால் கலவரம், எழுதாவிட்டால் அயலார் நோட்டு. பிரபலங்களின் இந்தச் சங்கடத்துக்குச் சமஸ்தானக் காலத்திலிருந்தே தீர்வு இல்லை.

அப்படியானால் எல்லோர் பெயரையும் எழுதிவிடலாமே என்று யோசனை சொல்வோர் உண்டு. செய்து பார்த்தவர் அவ்வை தி. க. சண்முகம். 'எனது நாடக வாழ்க்கை'யில் உடன் நடித்தவர், பாட்டு எழுதியவர், கொட்டகைச் சொந்தக்காரர் என்று பக்கத்துக்குப் பக்கம் பெயர்கள் குவிந்து கிடக்கும். மொய் நோட்டு இலக்கணத்துக்கு அதைவிட நெருங்கிய தமிழ் நூலைக் காட்டுவது கடினம். நாடக வரலாறு எழுதுகிறவர்கள் அதைத்தான் முதலில் புரட்டுகிறார்கள். சண்டைக்கும் அதில் இடம் குறைவு. ஆனால் சண்டைக்கு இடமில்லாத புத்தகத்துக்கு டீக்கடையிலும் இடமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பதிப்புலகம் விரும்புவது பாதிப் பேரை விட்டுவிட்ட நோட்டையே. இதை அறிந்தே பல நட்சத்திரங்கள் 'சொல்ல எழுதியவர்' ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்கள். விடுபட்டவர் வந்து கேட்டால் எழுதினவர்மேல் பழியைப் போட்டுவிடலாம். மொய் எழுதுகிறவருக்கு அந்தப் பாடு பழகிப்போனது.

கருதுகோளுக்கு அடங்காத ஓர் இனம் மட்டும் எஞ்சி நிற்கிறது: இரவல் வாசகர். இவர் படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர், அதிலும் பாதியில் எழுந்து போனவர். தட்டி கட்டவில்லை, வேண்டிக்கொள்ளவில்லை, புத்தகத்தையும் விலைக்கு வாங்கவில்லை. எந்த மேசையிலும் அவர் பெயரில் ஒரு பைசா இல்லை. எனவே அவருக்குக் குறையும் இருக்கக் கூடாது என்பது கோட்பாட்டின்படி சரி. நடப்பிலோ, ஒரு தன்வரலாற்றைப் பற்றி மிக உரத்த, மிக நீண்ட, மிக நுணுக்கமான கண்டனம் இவரிடமிருந்துதான் வருகிறது. எந்தப் பக்கத்தில் பொய், எந்த மாமியார் சம்பவம் மிகை, எந்தப் படம் வருடம் தவறி அச்சாகியிருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். மொய்ப் பந்தலிலும் இப்படி ஒருவர் உண்டு. எந்த மேசைக்கும் போகாமல் மூன்று முறை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, வாசலில் நின்று கறி வேகவில்லை என்று போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார். அவரை யாரும் விரட்டுவதில்லை. பதிப்பாளர்களும் இரவல் வாசகரை ஒருநாளும் கடிந்துகொண்டதில்லை. அவர் திட்டித் தீர்த்ததைக் கேட்டு, அப்படி என்னதான் எழுதியிருக்கிறார் என்று பார்க்க வருகிறவர்களால்தான் இரண்டாம் பதிப்பு போடுகிறார்கள்.